ராத்திரி எட்டு மணிக்கு நிறையும் மைதானம்

ஊர் மக்களை எப்படி உடற்பயிற்சிக்கு வரவைப்பது என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊரில் யாருக்கு எத்தனை மணிக்குக் கை ஒழிகிறது? இதற்குப் பதில் தெரியாமல் பேனர் அடிப்பதும், டி-ஷர்ட் கொடுப்பதும், ஒருநாள் மாரத்தான் வைப்பதும் வீண் செலவு.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் ஊர் கோபிசெட்டிப்பாளையத்துக்குப் பக்கம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல், மஞ்சள், வாழை. காலை ஐந்து மணிக்கே பெண்கள் மாட்டுக்குத் தீவனம் போட்டு, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றியாக வேண்டும். வந்து சோறாக்க வேண்டும். ஏழு மணிக்குள் மில் வேனும் பனியன் கம்பெனி பஸ்ஸும் வந்துவிடும். அதில் போகிறவர்கள் திரும்பி வர ராத்திரி ஏழரை. இப்படிப்பட்ட ஊரில் "தினமும் காலையில் அரை மணி நேரம் நடங்கள்" என்று சொன்னால் அது யாருக்குச் சொன்னது? ஓய்வூதியம் வாங்கும் ஆண்களுக்கு மட்டும்தான். அவர்கள் ஏற்கெனவே வாய்க்கால் கரையில் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் வரும். "நாள் முச்சூடும் காட்டுல கெடக்கறோம், அதுக்கும் மேல என்னத்துக்குங்க டீச்சர் எக்சசைஸு?" இதைக் கேட்கிறவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். களை பறிப்பவருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொல்லி எந்தப் பயனும் இல்லை. ஆனால் பகல் முழுக்க இடுப்பை வளைத்தே இருக்கிற உடம்புக்கு, நிமிர்ந்து கையைத் தலைக்கு மேல் தூக்குவதும், பக்கவாட்டில் திரும்புவதும், கூட்டத்தோடு சிரிப்பதும் தேவை. அதோடு, காட்டு வேலை முன்பு போல இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்துவிட்டது. தோட்டத்துக்குப் போவதே வண்டியில்தான். கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பது. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை. பெண்களில் அது 57 சதவீதம், ஆண்களில் 42. எங்கள் ஊரில் சர்க்கரை மாத்திரை சாப்பிடாத வீடு எது என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கை நம்பத் தோன்றும்.

எங்கள் ஊரில் வழி திறந்தது வள்ளி கும்மியால்தான். கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் சில வருடங்களாக ஊர் ஊராகக் கும்மி திரும்ப வந்துகொண்டிருக்கிறது. வள்ளி, முருகன் கல்யாணக் கதையை ஆசிரியர் பாட, வட்டமாக நின்று அடவு போட்டு ஆடுவது. ஒரு ஊருக்கு ஆசிரியர் வந்தால் ஓரிரு மாதம் தினமும் ராத்திரி சொல்லிக்கொடுப்பார். கடைசியில் ஒரே நிறச் சேலை கட்டி அரங்கேற்றம். ஒரு காலத்தில் இதை ஆண்கள்தான் ஆடினார்கள். பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அய்யாவுக்கு 87 வயதில், 2024-இல், பத்மஸ்ரீ கிடைத்தது. என்னைக் கேட்டால் அவர் செய்தது கலைத் தொண்டு மட்டுமில்லை, சுகாதாரத் தொண்டும்தான்.

பக்கத்து ஊர் அரங்கேற்றத்தைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள், நம்ம ஊரிலும் வைக்கலாமே என்று என்னிடம் வந்தார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: இடம் பள்ளிக்கூட மைதானம். கோயில் வாசலில் வைக்கலாம் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். அங்கே வைத்தால் காலனிப் பெண்கள் வர மாட்டார்கள். வரவிட மாட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் கூடுகிறோம் என்பதிலேயே யார் வரலாம் என்பது முடிவாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அங்கே வராதே என்று யாரும் யாரையும் சொல்ல முடியாது. வட்டத்தில் நிற்க வைத்ததும் உயர வரிசைப்படிதான். குட்டையானவர்கள் உள் வட்டம், நெட்டையானவர்கள் வெளி வட்டம். எந்தத் தெருவோ, யார் பக்கத்தில் யாரோ என்கிற பேச்சுக்கே இடம் இல்லாமல் போனது. முதல் வாரம் இரண்டு மூன்று பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்காக இடத்தை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

நேரம் ராத்திரி எட்டு மணி. கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் கைகால் கழுவி, ஒரு டீயோ ரெண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டு வந்து சேர அதுதான் தோது. ஒன்பதே காலுக்கு மைக்கை நிறுத்திவிடுவோம், அதற்கு மேல் ஒரு பாட்டு கூடக் கிடையாது. மறுநாள் அஞ்சு மணிக்கு எழ வேண்டியவர்களின் தூக்கத்தைக் கெடுத்தால் ஒரே வாரத்தில் கூட்டம் கலைந்துவிடும்.

கும்மியில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். முட்டியை லேசாக மடக்கிக் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து நெஞ்சுக்கு நேராக ஒரு தட்டு, இடது பக்கம் திரும்பி ஒரு தட்டு, ஒரு சுற்று சுற்றி மறுபடி குனிவு. இதற்கு நடுவில் கால் ஒரு தாளத்தில் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். நாலாவது பாட்டில் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறார்கள் என்றால் வேர்க்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். ஆடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. ஆசிரியரோடு சேர்ந்து எல்லாரும் சுகமாகப் பாடிக்கொண்டே ஆடினால் தாளத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்வேன். பேசவே மூச்சு வாங்கினால் குறைக்கச் சொல்வேன். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடுவில் தண்ணீர் குடிக்கிற நேரம் போக ராத்திரிக்கு ஒரு மணி நேரம் என்றால், வாரத்தில் மூன்று நாள் வந்தாலே கணக்கு நேராகிவிடும்.

அரங்கேற்றம் முடிந்த மறுவாரம்தான் உண்மையான சோதனை. பல ஊர்களில் போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்து முடிந்ததும் கும்மியும் முடிந்துவிடுகிறது. நாங்கள் அரங்கேற்றத்துக்கு முன்பே அடுத்த வேலையை முடிவு செய்துவைத்திருந்தோம்: திங்கள், புதன், வெள்ளி கும்மி தொடரும், நன்றாக ஆடக் கற்றுக்கொண்ட நாலு பெண்கள் முறைபோட்டு நடத்துவார்கள், ஆசிரியர் மாதத்துக்கு ஒருமுறை வந்து புது அடவு சொல்லித்தருவார். பாட்டுக்கு அவர் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டோம், அவரிடம் கேட்டுத்தான். கூட்டம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்றைக்கும் வருகிறது. அந்தப் பாதியே பெரிய விஷயம் என்பேன்.

வயசுப் பெண் பிள்ளைகளின் பிரச்சினை வேறு. இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இதை நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். ஆறாவது படிக்கும்போது பையன்களை முந்தி ஓடுகிற பிள்ளை, எட்டாவதில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் வயிறு வலி என்பாள். வயசுக்கு வந்த பிறகு துப்பட்டா நழுவுமோ, துணியில் கறை படுமோ, பசங்க பார்ப்பார்களோ என்ற பயம்தான் பாதி. உலக அளவில் 11 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் போதுமான அளவு ஓடியாடாதவர்கள் 81 சதவீதம். அதிலும் பெண் பிள்ளைகள் 85 சதவீதம். அந்த வயதில் தினமும் சராசரி ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும்.

எங்கள் மைதானத்தில் சாயங்காலம் முழுக்கப் பையன்களின் கிரிக்கெட்தான். ஒரு பிட்ச், நாலு பக்கமும் ஃபீல்டிங் என்றால் மொத்த மைதானமும் போய்விடுகிறது. பையன்களை உட்கார வைத்துப் பேசினேன். "அப்ப நாங்க எங்கீங்க டீச்சர் போறது?" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க மைதானம் உங்களுக்கு, மற்ற நாளில் ஐந்திலிருந்து ஆறேகால் வரை கிழக்குப் பாதி பெண் பிள்ளைகளுக்கு என்று பேசி முடித்தோம். சுண்ணாம்புக் கோடு போடும் பொறுப்பையும் பையன்களிடமே கொடுத்தேன். கோடு போட்டவனே அதைத் தாண்டி ஃபீல்டிங் நிற்க மாட்டான். வேப்ப மரம் இருக்கிற, சாலையிலிருந்து பார்வை படாத பக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது வேண்டுமென்றே செய்ததுதான்.

விளையாட்டு எறிபந்தும் வளையப்பந்தும். வளையப்பந்துக்கு ஒரு ரப்பர் வளையமும் ஒரு வலையும் போதும், சுடிதாரோடே விளையாடலாம். உடையைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. டிராக் பேன்ட்தான் போட வேண்டும் என்று சொன்னால் அன்றைக்கே பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். தாமாகவே ரெண்டு மாதத்தில் மாறிக்கொள்கிறார்கள். நாப்கின் வைக்க என் மேசை இழுப்பறை எப்போதும் திறந்தே இருக்கும், கேட்டு வாங்க வேண்டியதில்லை.

ஒரு பிள்ளையின் வீட்டில் விடமாட்டேன் என்றார்கள். நேரில் போனேன். அம்மா வாசலிலேயே, "வேண்டாங்க டீச்சர், நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அமுச்சிதான் வழி சொன்னார்: "நான் கூடப் போயி உக்காந்துக்கறேன், கண்ணு. எவன் பேசறான்னு பாக்கறேன்." அவர் ஒரு பிளாஸ்டிக் சேரோடு வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து வேறு வீட்டுப் பாட்டிகளும் வந்தார்கள். பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும் மைதானத்தில் யாரும் நின்று கேலி பேசுவதில்லை. வீட்டுக்குப் பயந்த பிள்ளைகளை வரவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படிச் சேரில் உட்கார்ந்திருந்தவர்களை வைத்துத்தான் முதியோருக்கான பயிற்சியும் தொடங்கியது. சேர் இருக்கிறது, ஆள் இருக்கிறார், நேரமும் இருக்கிறது. கையை ஊன்றாமல் சேரிலிருந்து எழுந்து நின்று மறுபடி உட்காருவது, ஐந்து முறை. முடியாதவர்கள் கையை ஊன்றலாம். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது, கோட்டின் மேல் ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து நடப்பது. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது இப்படி உடம்பு நிதானத்துக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காரணம் எளிது: இந்த வயதில் பாத்ரூமில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், பல பேர் அதற்கப்புறம் பழையபடி எழுந்து நடமாடுவதே இல்லை. நடக்கச் சொல்லும் டாக்டர்கள் நிறைய, எழுந்து உட்காரச் சொல்கிறவர்கள் குறைவு. தொடையில் பலம் இருந்தால்தான் நடையே.

ஆண்களுக்குப் பூப்பந்து. தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த விளையாட்டு என்பார்கள், 1856 வாக்கில். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் நிற்பவர்களுக்கு ஓட்டம் குறைவு, கை வேகம் போதும் என்பதால் ஐம்பது வயதுக்காரரும் இருபது வயதுப் பையனும் ஒரே அணியில் ஆட முடிகிறது. காலை ஆறு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். ஆடிக் காற்று எழுந்துவிட்டால் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. ஊராட்சிக்கு அரசு கொடுத்த விளையாட்டு உபகரணப் பைகள் பீரோவில் பூட்டிக் கிடந்தன. அலுவலகத் திறப்பு நேரத்துக்கும் விளையாடும் நேரத்துக்கும் பொருந்தாது, அவ்வளவுதான் காரணம். பெயர் எழுதி எடுத்துப்போக ஒரு நோட்டுப் போட்டு, பைகளைப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டோம். உங்கள் ஊரிலும் எங்காவது இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

நடையை விரும்புகிறவர்களுக்குப் பழனி இருக்கிறது. தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து போகிறார்கள். வருடம் முழுக்க வண்டியிலேயே போய்விட்டுத் திடீரென்று கிளம்பினால் தாராபுரம் தாண்டுவதற்குள் பாதம் கொப்பளித்துவிடும். அதனால் கார்த்திகையிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறோம். வாரத்துக்கு வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டுவது, போகப்போகிற அதே செருப்பைப் போட்டு நடப்பது, வாய்க்கால் கரையில் டார்ச்சோடு கும்பலாகப் போவது. "உடம்புக்கு நல்லதுங்க" என்று நான் வருடம் முழுக்கச் சொல்லியும் வராதவர்கள் முருகனுக்காக வருகிறார்கள். வரட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் சிலவற்றை விட்டுக்கொடுக்கவே கூடாது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களும், அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் ஆட வரக் கூடாது. கை நடுங்கி, குப்பென்று வேர்த்து, தலை சுற்றினால் உடனே உட்கார வைத்து மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி என்றால் "வாயுவா இருக்கும்" என்று யாரும் வைத்தியம் பேசக் கூடாது, வண்டி எடுத்துவிட வேண்டும். கும்மி வெறுங்காலில் ஆடுவது வழக்கம். ஆனால் பாதம் மரத்துப்போன சர்க்கரைக்காரர்கள் எம்.சி.ஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்போடுதான் வட்டத்துக்குள் வரலாம். மழை பெய்து பத்து நாளில் எங்கள் மைதானத்தில் நெருஞ்சி படர்ந்துவிடும். முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகி, விரலை எடுக்கும் நிலைக்குப் போனவரை இதே ஊரில் பார்த்திருக்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர் பெண் மாதம் ஒருமுறை மைதானத்துக்கே வந்து பிரஷர் பார்க்கிறார். அவரே கும்மியும் ஆடுகிறார்.

இதெல்லாம் நடக்க வெளிச்சம் வேண்டும். ஆரம்பத்தில் வண்டி ஹெட்லைட்டில் ஆடினோம். விளக்குக்கு யாரைப் பார்ப்பது என்று அலைவதைவிட, கிராம சபையில் கேட்பதே சரி என்று முடிவு செய்தோம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவை எழுத்தில் கொடுத்து, கும்மி ஆடும் பெண்கள் எல்லாரும் போய் உட்கார்ந்தார்கள். அத்தனை பெண்கள் வந்ததே இல்லை என்று செயலர் சொன்னார். தீர்மானமாக எழுதவைத்து நகலையும் வாங்கிக்கொண்டோம். நகல் கையில் இல்லாத தீர்மானத்தை அடுத்த முறை பேசவே முடியாது. விளக்கு வரச் சில மாதம் பிடித்தது, ஆனால் வந்தது. பள்ளி மைதானத்தைப் பயன்படுத்தத் தலைமை ஆசிரியரின் வாய்ச் சம்மதம் மட்டும் போதாது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் எழுதி வாங்கிவிடுங்கள். தலைமை ஆசிரியர் மாறினாலும் மைதானம் பூட்டப்படாது.

வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தை, மாசியில் மஞ்சள் வெட்டி வேகவைக்கும் நேரத்தில் யாருக்கும் உயிர் இருக்காது, அப்போது வாரத்துக்கு ஒரு நாள். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம், அதாவது தீமிதி, வந்தால் ஒரு வாரம் விடுமுறை. ஐப்பசி மழையில் பள்ளி வராந்தாவில் சேர்ப் பயிற்சி மட்டும். விடுமுறை விடும்போதே திரும்பத் தொடங்கும் நாளை அறிவித்துவிடுவோம். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் ஊர் மறந்துவிடும்.

இப்போது நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது கழிப்பறை. நாற்பது தாண்டிய பெண்கள் பலர் துள்ளும் அடவு வந்தால் வட்டத்தை விட்டு நகர்ந்து நிற்பார்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு அக்கா காதோடு சொன்னார், குதித்தால் சிறுநீர் கசிகிறது என்று. இது பிரசவத்துக்குப் பிறகு மிகப் பொதுவாக வருவது. இடுப்படித் தசையை இறுக்கிச் சில நொடி பிடித்து விடும் பயிற்சியைத் தினமும் செய்தால் பெரும்பாலானவர்களுக்குக் குறையும், இதைச் சேரில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் பயிற்சி பலன் தரச் சில மாதமாகும். அதுவரை பக்கத்தில் தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறை இருந்தால் அவர்கள் வருவார்கள், இல்லாவிட்டால் நின்றுவிடுவார்கள். பள்ளிக் கழிப்பறையை ராத்திரி திறக்கச் சாவி கிடைத்துவிட்டது, தண்ணீர்க் குழாய்தான் பாக்கி. நவம்பர் 1 கிராம சபைக்கு மனு தயாராக இருக்கிறது. மேலே முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.